புயல் பையில் முதலில் மாத்திரை, அப்புறம்தான் அரிசி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வேதாரண்யம் பக்கத்தில் வானத்தைப் பார்க்காமல் யாரும் படுக்கப் போவதில்லை. 1952, 1977 என்று பெரியவர்கள் வருடம் சொல்லிப் பேசும் புயல்கள் உண்டு. எங்கள் கண் முன்னால் வந்தது கஜா. 2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாக விழுந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புஷ்பவனம் பக்கம் கடல் சேற்றையே அள்ளிக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. நான் அப்போது இந்தத் தாலுகாவில் கிராம சுகாதார செவிலியர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஊரில் கூப்பிடுவது இன்னும் ‘நர்சம்மா’ என்றுதான்.

முகாமில் என்னிடம் வந்து கேட்டவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு எப்படியோ வந்துவிட்டது. “நர்சம்மா, சுகர் மாத்திரை இருக்கா?” “வலிப்பு மாத்திரை வீட்டோட போச்சு.” “கண்ணாடி உடைஞ்சுபோச்சு, ஒண்ணும் தெரியல.” ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் காதோடு நாப்கின் கேட்டாள். வெளியூர்களில் இருந்து லாரி லாரியாக அரிசி, ரொட்டி, பாய், போர்வை எல்லாம் வந்தன. கொண்டுவந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புயலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது தூக்கிக்கொண்டு போகப் புதிதாகப் பை தயார் செய்கிறவர்களுக்கு அதனால்தான் இந்த ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவசரப் பொருள் என்றதும் எல்லோருக்கும் மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும்தான் ஞாபகம் வருகிறது. வேறு யாராலும் உங்களுக்குக் கொண்டுவந்து தர முடியாத பொருள் எது என்று முதலில் யோசியுங்கள். அதை முதலில் எடுத்து வையுங்கள். அடுத்து தண்ணீர். அப்புறம் வெளிச்சமும் போனும். சாப்பாடு அதற்கும் பிறகுதான்.

என்ன பை

புதுப் பை வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பயன்படுத்திவிட்டு மூலையில் போட்ட பள்ளிக்கூடப் புத்தகப் பை போதும். தோளில் மாட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கீழே இருக்கும் பள்ளம் அவர்களுக்குத் தெரியாது. பை தூக்கக் கூடிய ஒவ்வொருவருக்கும் ஒரு பை. மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள், மூச்சு வாங்கினால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

பைக்குள் நேராகப் பொருளைப் போடக் கூடாது. ஜவுளிக்கடையில் தரும் கெட்டியான பிளாஸ்டிக் கவர்களைச் சேர்த்து வைத்து, மாத்திரை ஒன்றில், துணி ஒன்றில், பத்திரம் ஒன்றில் என்று தனித்தனியாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். பெயின்ட் வாங்கிய 20 லிட்டர் வாளி மூடியோடு இருந்தால் நன்றாகக் கழுவி எடுத்து வையுங்கள். தண்ணீர் புகாது, துணிமணி அதற்குள் பத்திரமாக இருக்கும். முகாமில் கழிப்பறைக்கு இரவில் போக முடியாத பெரியவர்களுக்கு அதே வாளி வேறு விதத்திலும் உதவும். சாப்பாட்டுப் பொருளையும் குடிதண்ணீரையும் மட்டும் அதில் வைக்காதீர்கள்.

பை இருக்க வேண்டிய இடம் வாசல் பக்கம், ஆணியில், இடுப்பு உயரத்துக்கு மேலே. பரணில் போட்டால் இருட்டில் ஏணி தேட வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைத்தால் வீட்டில் முதலில் நனைவது அதுதான்.

மாத்திரையும் மருந்தும்

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், கையில் எப்போதும் குறைந்தது 15 நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். புரட்டாசியிலேயே அவர்களிடம், “மழை வரப்போகுது, கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தனியாரில் காட்டுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லா மாத்திரையும் ஒன்றுபோல் இல்லை. ஒருநாள் விட்டாலும் ஆபத்தானவை சில உண்டு. வலிப்பு மாத்திரை முதலாவது. அதைத் திடீரென்று நிறுத்தினால், பல வருடம் வராத வலிப்பும் திரும்ப வரலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை அடுத்தது. அப்புறம் இன்சுலின், ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர், மனநல மாத்திரைகள். இவை பையின் மேல்பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சத்து மாத்திரையும் கால்சியமும் ஒரு வாரம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் இருந்து மாத்திரையை எடுங்கள். “வெள்ளைக் கலர், சின்னதா, ராத்திரி ஒண்ணு” என்று சொன்னால் முகாமுக்கு வரும் டாக்டர் என்ன செய்வார்? வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் பெயர், வயது, நோய், மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வையுங்கள். போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சார்ஜ் போனால் படமும் போச்சு, தாள் கட்டாயம் வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கரண்டு போனதும் ஃபிரிட்ஜ் வெறும் பெட்டிதான். பதற வேண்டாம். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பியைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியில் வைக்கலாம், வெயிலும் சூடும் படக் கூடாது. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள், எவ்வளவு சூடு தாங்கும் என்பது பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இருக்கும். பிரிக்காத குப்பிகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது மண்பானை முறை. அகலமான மண்சட்டியில் பாதி அளவு மணலைக் கொட்டித் தண்ணீர் தெளியுங்கள். நடுவில் சின்ன மண்கலயம் ஒன்றைப் பதியும்படி வையுங்கள். குப்பியை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து, வாயில் ஈரத்துணி கட்டி, காற்று வரும் நிழலில் வைத்துவிடுங்கள். காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும். புயல் அன்று குளிர்ந்துதான் இருக்கும். அது போன பிறகு அடிக்கும் வெயிலுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பது மிகவும் தப்பு. உறைந்துபோன இன்சுலின் உருகிய பிறகும் வேலைக்கு ஆகாது, கொட்டிவிட வேண்டியதுதான். ஊசியும், சுகர் இறங்கினால் வாயில் போட ஒரு பொட்டலம் சர்க்கரையும் அதே டப்பாவில் இருக்கட்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பை போதாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனேயே டயாலிசிஸ் மையம் இருக்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகளும் அப்படியே. புயலுக்கு முன்பே இவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை எங்கள் துறை வழக்கமாகச் செய்கிறது. செவிலியர் வீடு தேடி வந்து கூப்பிட்டால், “இன்னும் பத்து நாள் இருக்கு” என்று மாமியார் தடுக்கக் கூடாது. சாலையில் மரம் விழுந்துவிட்டால் 108 வண்டி நினைத்தாலும் வர முடியாது. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், சுத்தமான பழைய பருத்திப் புடவை இரண்டு, குழந்தைக்குத் துணி, இவை தனியாக ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

முதலுதவிக்கு என்று பெரிய பெட்டி எதுவும் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, பாராசிட்டமால், புண்ணுக்குப் போடும் அயோடின் களிம்பு, கட்டுத்துணி, பஞ்சு, பிளாஸ்டர், சின்னக் கத்தரிக்கோல், தெர்மாமீட்டர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துபோனால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டுக் கலக்குங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. கண்ணீர் அளவுக்குக் கரித்தால் போதும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் விட்டுத் திரும்பவும் கொடுங்கள்.

புயலுக்குப் பிறகு நான் அதிகம் கட்டுப் போட்டது காலில்தான். தண்ணீருக்கடியில் ஓட்டுத்துண்டும் தகர ஆணியும் கிடக்கும். கண்ணாடிச் சில்லும் இருக்கும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், ரப்பர் பூட்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பழைய ஷூ. குத்திவிட்டால் கழுவிவிட்டு டி.டி. ஊசிக்கு வாருங்கள். வெள்ளத்தில் நின்ற பிறகு சில நாளில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பாம்பும் நம்மைப் போலவே மேடான இடத்தைத் தேடி வரும். கடித்துவிட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

பெண்களுக்கும் கைக்குழந்தைக்கும்

துணி வைத்துப் பழகியவர்களும் புயல் நேரத்துக்கு நாப்கின் எடுத்து வையுங்கள். முகாமில் துவைக்க இடம் இருக்காது, துவைத்தாலும் காயாது. ஈரத்துணியை வைத்தால் புண்ணாகும். தேதி தள்ளி இருந்தாலும் எடுத்து வையுங்கள், பயத்திலும் அலைச்சலிலும் தேதி முன்னே வந்துவிடும். ‘புதுயுகம்’ திட்டத்தில் கிடைப்பதில் இரண்டு பாக்கெட்டைத் தொடாமல் பையில் போட்டு வைத்தால் போதும். கூடவே பழைய செய்தித்தாள், கறுப்பு கவர், இருட்டு நிறத்தில் ஒரு நைட்டி அல்லது சுடிதார், உள்ளாடை. உள்ளாடையைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நிவாரணத்தில் சேலை வரும், வேட்டி வரும், உள்ளாடை வராது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் வையுங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால்தான். “பயந்துட்டா, பால் வத்திப்போச்சு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்மாவுக்கு வயிறு நிறையச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, மறைவாக ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்து, குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டால் பால் வரும். முகாமில் யாரோ தந்த பால்பவுடரை அழுக்குத் தண்ணீரில் கரைத்து, கழுவாத பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதுதான் குழந்தைக்கு வரும் ஆபத்தில் பெரியது. பவுடர் கொடுத்தே ஆக வேண்டிய குழந்தையாக இருந்தால் பாட்டில் வேண்டாம், பாலாடை எடுத்து வையுங்கள். எவர்சில்வர் பாலாடையில் மூலை முடுக்கு கிடையாது. ஒரு டம்ளர் கொதிநீர் இருந்தாலே சுத்தமாகிவிடும். பாட்டிலின் நிப்பிள் ஓட்டையை அந்த நேரத்தில் எப்படிக் கழுவுவீர்கள்?

தண்ணீர்

எங்கள் தாலுகாவில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிதண்ணீர் கொள்ளிடத்தில் இருந்து குழாய் வழியாக வருகிறது. கரண்டு போனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் குழாயும் நிற்கும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் நடந்தது இதுதான். சென்னையில் இருப்பவர்களுக்கும் இது வேறு மாதிரி வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அடுக்குமாடிகளின் தரைக்கடியில் இருக்கும் சம்புகளில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படி மூழ்கிய சம்பை இறைத்து, கழுவி, குளோரின் போடாமல் மோட்டார் போட்டால் மேல் தொட்டியும் கெட்டுவிடும்.

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நாலு. இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கழுவ, குளிக்க, கழிப்பறைக்கு என்று ட்ரம், அண்டா, குடம், வாளி எல்லாவற்றிலும் கரண்டு இருக்கும்போதே பிடித்து மூடி வையுங்கள். குடிதண்ணீர்க் கேனை மட்டும் உயரத்தில் வையுங்கள். பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு போதும், அதற்கு மேல் தூக்க முடியாது.

சுத்தம் செய்ய எளிய வழி, கலங்கலாக இருந்தால் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டிவிட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுவது. அடுப்பு எரிக்க முடியாவிட்டால் குளோரின் மாத்திரை. துணை சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், மருந்துக்கடையிலும் கிடைக்கும். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது மாத்திரையின் அளவைப் பொறுத்தது. அட்டையைப் படித்துவிட்டுப் போட்டு, அரை மணி நேரம் மூடி வைத்த பிறகு குடியுங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். “மருந்து நாத்தம் அடிக்குது” என்று கொட்டிவிடுகிறார்கள், அந்த வாடை இருந்தால்தான் தண்ணீர் சுத்தமாகியிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்பில் இருந்து, பஞ்சாயத்தில் மருந்து போடும்வரை குடிக்காதீர்கள்.

வெளிச்சம், போன், ரேடியோ

கூரை வீட்டில் மெழுகுவர்த்தியும் சிம்னியும் வேண்டவே வேண்டாம், காற்றில் சாய்ந்தால் வீடே போகும். மாடி வீட்டிலும் எனக்கு அதில் சம்மதமில்லை. சார்ஜ் ஏறும் டார்ச் ஒன்று, பேட்டரி போடும் டார்ச் ஒன்று, இரண்டும் வேண்டும். முதலாவது கரண்டு வராத மூன்றாம் நாள் அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கிடந்தால் ஒழுகிப் பச்சையாகப் பூத்துவிடும். கரண்டு போனாலும் எரியும் சார்ஜ் பல்புகள் இப்போது சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டிவிடுங்கள்.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று இருந்தால் ஸ்மார்ட் போனுக்கு ஒரு முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். அதைவிட நல்லது, வீட்டில் கிடக்கும் பட்டன் போன். ஒரு தடவை ஏற்றினால் பல நாள் நிற்கும். டவர் சரியாக இல்லாதபோது பேசிப் பேசிப் பார்த்து சார்ஜைக் கரைக்காதீர்கள். “நல்லா இருக்கோம், முகாமில் இருக்கோம்” என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வழி கிடைக்கும்போது அது போய்ச் சேரும். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். பெற்ற பிள்ளையின் எண்ணே மனப்பாடமாக இல்லாத காலம் இது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர எண் 112. சென்னை மாநகராட்சிக்கு 1913.

டவர் எல்லாம் படுத்துவிட்டால் செய்தி வருவது ரேடியோவில்தான். எங்களுக்குக் காரைக்கால் வானொலி. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்குவதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். புயலின் கண் நம் தலைக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே போய்க் கூரையைப் பார்க்கிறவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஆடி நின்ற மரம் அப்போதுதான் விழும். புயல் முழுவதும் கடந்துவிட்டது என்று ரேடியோவிலோ அதிகாரிகளோ சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்தால் வரும் நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

காகிதம், பணம்

ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பேங்க் பாஸ்புக், பட்டா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். மீனவர் வீடென்றால் மீனவர் அடையாள அட்டையும் படகுப் பதிவுச் சான்றும். ஒரிஜினல் ஒரு கவரில், ஜெராக்ஸ் இன்னொரு கவரில், வேறு ஆளின் பையில். போனில் இருக்கும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் ஏற்றி வைத்தால் தாள் நனைந்தாலும் கவலை இல்லை. வீடு, கூரை, மாடு, படகு, தோப்பு எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். கணக்கெடுக்க வரும்போது “இங்கேதான் இருந்துச்சு” என்று வெறும் தரையைக் காட்டுவதைவிட ஒரு படம் பேசும்.

கரண்டு இல்லாவிட்டால் ஏ.டி.எம். கிடையாது, ஜிபே கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய், பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றி வையுங்கள். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் பால்காரரிடம் சில்லறை இருக்காது.

சாப்பாடு

அடுப்பு பற்ற வைக்காமல் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். அவல் மாதிரி ஒரு பொருள் கிடையாது. கொஞ்சம் தண்ணீரும் வெல்லமும் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, சுகர்காரர்களுக்கு வெல்லத்துக்குப் பதில் உப்பும் வறுத்த நிலக்கடலையும். பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், ரஸ்க், குழந்தைக்குச் சத்துமாவு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் போட்டு வைத்தால் முகாமில் கிடைக்கும் வெறும் சோறும் இறங்கும். நூடுல்ஸ் பாக்கெட்டை வாங்கிக் குவிக்காதீர்கள், அதற்குக் கொதிநீர் வேண்டும். சிப்ஸ், மிக்சர் தாகத்தைக் கிளப்பும்.

வீட்டிலேயே இருக்கப் போகிறவர்கள் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணடுப்பு இருந்தால் காய்ந்த விறகு ஒரு கட்டுப் பரணில் இருக்கட்டும். தீப்பெட்டியை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். மாடு கன்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள், கட்டிப்போட்ட மாடு தப்பிக்காது.

பைக்கு வெளியே, வீட்டில் இருக்க வேண்டியது மூன்று: தார்ப்பாய், நைலான் கயிறு, அரிவாள். கஜாவுக்குப் பிறகு அரிசிக்கு அடுத்தபடி ஊர் ஊராகக் கேட்டது தார்ப்பாய்தான். கூரை ஓடும் ஷீட்டும் பறந்த வீட்டில் மறுநாள் மழை பெய்தால் தலைக்கு மேலே எதையாவது இழுத்துக் கட்ட வேண்டுமே! கெட்டியானதாக, ஓரத்தில் வளையம் போட்டதாக, சமையலறை அளவுக்காவது ஒன்று முன்கூட்டியே வாங்குங்கள். புயல் முடிந்த வாரத்தில் விலை எங்கேயோ போய்விடும்.

எப்போது, எப்படி

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது, கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. முதல் வாரம் காசு செலவில்லாதவற்றை முடியுங்கள்: பை, கவர், மாத்திரை எழுதிய தாள், ஜெராக்ஸ், எண்கள், போட்டோ. அடுத்த சம்பளத்தில் மாத்திரை, நாப்கின், டார்ச். அதற்கடுத்து கேன், ரேடியோ, தார்ப்பாய். ஆடியில் ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் முடிந்துவிடும்.

புரட்டாசி கடைசியில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பையைக் கொட்டிப் பாருங்கள். மாத்திரைத் தேதி, டார்ச், பிள்ளைகளுக்குத் துணி அளவு, கண்ணாடியின் பவர். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் பையில் வையுங்கள், முழுதாகத் தெரியாவிட்டாலும் வழி தெரியும். முகாம் எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் புயல் பாதுகாப்பு மையம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள், ஆளுக்கொரு பக்கம் இருக்கும்போது புயல் வந்தால் எல்லோரும் அங்கே வந்து சேர வேண்டும். வெளியேறச் சொன்னால் பகலிலேயே போய்விடுங்கள். இருட்டிய பிறகு, காற்று வந்த பிறகு கிளம்புவதுதான் ஆபத்து.

தை பிறந்ததும் அவலையும் கடலையையும் எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள், அடுத்த வருடத்துக்கு வைத்தால் வண்டு விழும். பேட்டரியைக் கழற்றுங்கள், கேனைக் கவிழ்த்துக் காய வையுங்கள், மாத்திரையைத் தினசரிப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு புதிதாக வாங்கியதைப் பையில் போடுங்கள். தாளும் ஜெராக்ஸும் அப்படியே இருக்கட்டும்.

முகாமுக்குப் போனதும் அங்கே இருக்கும் செவிலியரிடம் அந்த மாத்திரைத் தாளை முதலில் காட்டிவிடுங்கள். வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று அவர் குறித்துக்கொண்டால், அடுத்த வண்டியில் என்ன வரவேண்டும் என்று கேட்டு வாங்க முடியும்.